தெருவின் உடையும் திருப்பூரின் வியர்வையும்

கிழக்கு தில்லியின் மயூர் விஹார், தலைநகரில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதிகளில் ஒன்று. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்ககங்களும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் கட்டடங்களும் மூன்று கட்டங்களாக இங்கே எழுந்தன. இவற்றை ஒட்டியே திரிலோக்புரி, கல்யாண்புரி, கிச்சடிப்பூர் ஆகிய குடியிருப்புகள் கிடக்கின்றன. நெருக்கடிநிலைக் காலத்தில் நகரின் நடுப்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடிசைவாழ் மக்கள் சிறு மனைகளில் கொண்டுவந்து இறக்கப்பட்ட இடங்கள் அவை. மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடம் 2018ஆம் ஆண்டின் இறுதியில் மயூர் விஹாரை எட்டியபோதும், திரிலோக்புரியில் வீடிழப்போரின் மறுவாழ்வுச் சிக்கல் தீராததால் இடையிலே அறுந்து நின்றது. 2021 ஆகஸ்டில்தான் அந்த இடைவெளி இணைக்கப்பட்டது. இரு இந்தியாக்கள் அருகருகே வாழ்வதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் தேவையில்லை.

ஆயினும், இவ்விரு பக்கத்து இளைஞர்களும் இன்று உடுத்தும் உடை ஒன்றே. தோள் தையல் கைக்கு இறங்கித் தொங்கும் பெரிய அளவுப் பனியன், தலைமூடி வைத்த ஹூடி, தொளதொளத்த கால்சட்டை, தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி, தொப்பி, கழுத்துச் சங்கிலி. அடுக்ககத்து மாணவன் அதை வணிக வளாகத்தில் வாங்குகிறான். திரிலோக்புரி இளைஞன் வாரச் சந்தையில், காந்தி நகர் மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து வந்த நகல் சரக்காக வாங்குகிறான். உடை ஒன்று, விலை வேறு. அதைக் காணும் காவலரின் பார்வையும் வேறு. முன்னவன் அணிந்தால் அது ‘ஃபேஷன்’. பின்னவன் அணிந்தால் அது சந்தேகத்திற்குரிய அடையாளம்.

இந்த உடையைத் தந்தது ஹிப்-ஹாப் இசை. ‘மேற்கத்தியச் சீரழிவு’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் முற்போக்கு வட்டாரங்களிலும் இல்லாமலில்லை. ஆனால் இந்த உடையின் வரலாறு, உழைக்கும் வர்க்கத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. அதை அறியாமல் இன்றைய நகர்ப்புற இளைஞரை அணுகுவது கடினம்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியிலுள்ள குடியிருப்புக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு கொண்டாட்டம் நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அந்நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். நோக்கம் எளியது: பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ஓர் ஏழைப் பெண்ணின் துணித் தேவையிலிருந்தே ஹிப்-ஹாப் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அன்றைய பிராங்க்ஸ் கைவிடப்பட்ட நிலம். ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட விரைவுச்சாலை உழைக்கும் மக்களின் குடியிருப்புகளைப் பிளந்து சென்றது. ஆலைகள் மூடப்பட்டன, நகராட்சி சேவைகள் வெட்டப்பட்டன, கட்டடங்கள் எரிந்தன. அந்தச் சாம்பலில் வளர்ந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் கையில் கிடைத்ததை உடுத்தினர். கையில் கிடைத்தவை பெரும்பாலும் உழைப்பாளியின் உடைகளே. ஹூடி, 1930களில் குளிர்க் கிடங்குகளில் வேலை செய்த தொழிலாளருக்காக உருவாக்கப்பட்டது. கார்ஹார்ட் நிறுவனம் 1889இல் ரயில்வே தொழிலாளருக்கான உடையுடன் தொடங்கியது. டிம்பர்லேண்ட் காலணி கட்டடத் தொழிலாளியின் காலணி. அண்ணனின் கால்சட்டை தம்பிக்கு வந்தால் அது தொளதொளவென்றுதான் இருக்கும். ரன்-டிஎம்சி குழுவினர் கயிறில்லாத அடிடாஸ் காலணியுடன் மேடையேறினர். சிறையில் காலணிக் கயிறு பறிக்கப்படும் வழக்கத்தின் எதிரொலி அது என்று சொல்லப்படுவதுண்டு. இல்லாமையையே ஓர் அழகாக, ஓர் அறைகூவலாக மாற்றிக் காட்டியது அந்தத் தலைமுறை.

மூலதனம் தைத்த பை

1986இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரன்-டிஎம்சி குழுவினர் தங்கள் அடிடாஸ் பாடலைப் பாடும் முன் ரசிகர்களிடம் காலணிகளைக் கழற்றி உயர்த்தச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான காலணிகள் உயர்ந்தன. அரங்கில் இருந்த அடிடாஸ் நிர்வாகி அதைப் பார்த்தார். விளைவு, சுமார் 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். தெருவின் உடை விளம்பரப் பலகையாக மாறிய கணம் அது.

ஹார்லெம் பகுதியில் 1982இல் கடை திறந்த டேப்பர் டான் என்ற தையற்கலைஞரின் கதை இன்னும் கூர்மையானது. ஐரோப்பிய ஆடம்பர நிறுவனங்களின் முத்திரைகளைத் தோலில் அச்சிட்டு, அந்நிறுவனங்கள் ஒருபோதும் தைக்காத உடைகளை ராப் பாடகர்களுக்குத் தைத்துக் கொடுத்தார். சோதனைகளும் வழக்குகளும் துரத்த, 1992இல் கடை மூடப்பட்டது. 2017இல் குச்சி நிறுவனம் அவருடைய பழைய வடிவமைப்பு ஒன்றை அப்படியே ஒத்த மேலாடையைத் தன் காட்சியில் வைத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவரோடு கைகோர்த்து, 2018இல் ஹார்லெமில் அவருக்குத் தையலகம் அமைத்துக் கொடுத்தது. ஏழை எடுத்தால் திருட்டு, முதலாளி எடுத்தால் அகத்தூண்டல் என்பதே அறிவுசார் சொத்துரிமையின் வர்க்க இலக்கணம். அதே 2018இல் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்கு, தெரு உடை வடிவமைப்பாளரான கறுப்பினக் கலைஞர் வெர்ஜில் அப்லோ தலைமை ஏற்றார். அவர் மறைவுக்குப் பின் 2023இல் இசைக்கலைஞர் ஃபாரெல் வில்லியம்ஸ் அப்பொறுப்புக்கு வந்தார். மேடையின் முகங்கள் மாறின. பங்குப் பத்திரங்களின் உரிமையாளர்கள் மாறவில்லை.

ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அகதி வாழ்வின் ஓசையை உலக இசைக்குள் கொண்டுவந்தவர். 2013இல் அவர் வெர்சாச்சே நிறுவனத்துக்காக வடிவமைத்த ஆடைகளுக்கு லண்டன் தெருச் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சே ஆடைகளையே மாதிரியாகக் கொண்டார். காந்தி நகர் நகல் வியாபாரியின் ‘குற்றம்’, அசல் நிறுவனத்தின் கைக்குப் போனதும் கலையாகிவிட்டது.

உடையும் அதிகாரமும்

சந்தை அந்த உடையைக் கொண்டாடிய அதே ஆண்டுகளில் அரசு அதைத் தண்டித்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரம் 2007இல் இடுப்புக்குக் கீழிறங்கிய கால்சட்டை அணிவதைக் குற்றமாக்கியது. அதன்பேரில் காவலர் நிறுத்த முயன்ற கறுப்பினத்தவர் ஒருவர் உயிரிழந்த பிறகே, 2019இல் அச்சட்டம் விலக்கப்பட்டது. 2012 பிப்ரவரி 26 அன்று புளோரிடாவில் 17 வயது டிரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் அணிந்திருந்தது ஹூடி. கொன்றவனைவிட்டு, செத்த சிறுவனின் உடையைக் குறை சொல்ல ஊடகத்தில் ஆளிருந்தது. நீதி கேட்டு மக்கள் ஹூடி அணிந்தே தெருவில் திரண்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ் பிரதிநிதிகள் சபையில் ஹூடியைத் தலைமேல் போட்டுக்கொண்டு பேசியதற்காக அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இந்தக் கதை தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காக உழைக்கும் பெண்கள் பல்லாண்டுகள் போராடியே 1859இல் அரச ஆணையைப் பெற்றனர். 1930இல் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்க சாதியினர் தலித் மக்கள்மீது விதித்த தடைகளில், இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது என்பதும், தங்க நகை அணியக் கூடாது என்பதும் இருந்தன. அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் அந்தத் தடைகளுக்கு ஒரு சமூகம் கண்ட மறுமொழி. 2012இல் தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் மேடைதோறும் பேசினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. ஒரு கால்சட்டையைப் பற்றிய பேச்சு எத்தனை கூரைகளைத் தின்னும் என்பதைத் தமிழகம் கண்ணால் கண்டது.

வடசென்னை இளைஞர்களை ‘புள்ளிங்கோ’ என்று கேலி செய்த கூச்சலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வண்ணம் பூசிய முடியும் இறுக்கிய கால்சட்டையும் குற்றத்தின் சின்னங்களாக்கப்பட்டன. இப்படி முடி வெட்டிவிடாதீர்கள் என்று முடிதிருத்துவோருக்குப் பள்ளித் தலைமையாசிரியர்கள் வேண்டுகோள் விடுத்ததும் உண்டு. ஒழுக்கம் பற்றிய கவலையாகத் தோன்றும் இது, சேரிப்பையன் கண்ணில் படும்படி நடமாடுவதைப் பொறுக்காத மனநிலையின் வேறொரு முகம். திரிலோக்புரி இளைஞன் மயூர் விஹார் கடைத்தெருவில் எதிர்கொள்ளும் பார்வையும் அதுவே.

இரு பாதைகள்

தில்லியின் ராப் இசையிலேயே இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, சொகுசுக் கார்களையும் மது விருந்துகளையும் பெண்ணுடலையும் அடுக்கிப் பாடி, அயல்நாட்டு முத்திரைகளை வெற்றியின் அளவுகோலாக்கிய வணிகப் பாதை. யோ யோ ஹனி சிங்கின் பாடல்கள்மீது பெண்கள் அமைப்புகள் எழுப்பிய கண்டனம் நியாயமானது. அதில் சமரசத்துக்கு இடமில்லை.

மற்றொன்று, மேற்கு தில்லியின் திலக் நகரிலிருந்து எழுந்தது. 1984 படுகொலையில் திரிலோக்புரியில் நூற்றுக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டபின், கணவரை இழந்த பெண்கள் குடியமர்த்தப்பட்ட திலக் விஹார் அந்த வட்டாரத்தில்தான் உள்ளது. அங்கு வளர்ந்த பிரப் தீப் 2017இல் ‘கிளாஸ்-சிக்’ தொகுப்பை ஆசாதி ரெக்கார்ட்ஸ் வழியாக வெளியிட்டார். போதைப் பொருளும் வேலையின்மையும் தின்னும் தெருவைப் பற்றிய சாட்சியம் அது. தெற்கு தில்லியின் நகர்ப்புறக் கிராமங்களில் வாழும் புலம்பெயர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஹிப்-ஹாப்பின் ஆட்டத்தையும் உடையையும் கொண்டு, தங்களை வேண்டாத நகரத்தில் தங்களுக்கென ஓரிடத்தைக் கோருவதை ஆய்வாளர் கேப்ரியல் தத்தாத்ரேயன் 2020இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தமிழில் இப்பாதைக்கு வலுவான மரபு உண்டு. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் சாதி ஒழிப்புக் குரலோடு இணைத்தது. அதன் கலைஞர்கள் ஒரே மாதிரியான கோட்டு-சூட்டு அணிந்து நின்றது தற்செயலன்று. அமெரிக்கச் சேரியின் ஹூடியும் அம்பேத்கரின் கோட்டும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: என் உடலை எப்படி உடுத்துவது என்று முடிவு செய்ய நீ யார்? அக்குழுவிலிருந்து வந்த அறிவு, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின் குரல்களில் ஒன்றானார். 2021இல் ஒரு பெரும் இசை இதழ், அவர் எழுதிய பாடலின் புகழ் ஓங்கியிருந்த நேரத்திலேயே அவரை விட்டுவிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு, கலை உலகிலும் உழைப்பு எப்படி மறைக்கப்படுகிறது என்பதைக் காட்டியது.

தைப்பவர் யார்?

இசையைப் பற்றிய பேச்சும் உடையைப் பற்றிய பேச்சும் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். இடதுசாரிகளின் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே 20 கெஜம் லினன் துணியையும் ஒரு மேலங்கியையும் எடுத்துக்கொண்டு பண்டத்தின் மர்மத்தை அவிழ்க்கிறார். தன் சொந்த மேலங்கியை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த அனுபவம் அவருக்கு இருந்தது. உடையின் பகட்டு, அதைச் செய்த கையை மறைக்கும் என்று அவர் அறிவார்.

ஹிப்-ஹாப்பின் உடை முக்கால்வாசி பின்னலாடை. பின்னலாடை என்றால் இந்தியாவில் திருப்பூர். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைக்கும், ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் அந்தப் பனியன் நகரத்தில், மயூர் விஹார் இளைஞன் தோளில் தொங்கும் தையலுக்கு ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர், கைமடி, பிசிறு வெட்டுபவர், செக்கிங் செய்பவர் என்று நீண்ட வரிசை உண்டு. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வருங்கால வைப்புநிதியோ ஈ.எஸ்.ஐ.யோ எட்டாக்கனி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளிக்கு விடுதி வாசலே எல்லை. அந்த அடர்ந்த கறுப்புச் சாயத்துக்கு நொய்யல் ஆறு விலை கொடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு உழவர் நிலம் பாழாகியிருந்தது.

கலைஞர் பெயரைத் தாங்கிய முத்திரைகளும் இந்தச் சங்கிலிக்கு விலக்கல்ல. ராப் பாடகர் ஷான் கோம்ஸின் ‘ஷான் ஜான்’ ஆடைகளைத் தைத்த ஹோண்டுராஸ் ஆலையின் கொடுமைகளை 2003இல் ஓர் இளம் பெண் தொழிலாளி அமெரிக்காவுக்கே சென்று சொன்னார். 40 டாலர் சட்டைக்கு அவர்கள் கையில் விழுந்தது சில சென்ட். 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சாம்பலுக்கிடையே கிடைத்த ஆடைகளில் அவருக்குச் சொந்தமான ‘எனிச்சே’ முத்திரையும் இருந்தது. சேரியிலிருந்து எழுந்த குரல், வேறொரு சேரியின் உழைப்பைச் சுரண்டும் முத்திரையாக முடிந்தது. ‘நம்மவர்’ முதலாளியானால் சுரண்டல் தணியும் என்ற கனவுக்கு இது போதுமான மறுப்பு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1994இல் ஸ்னூப் டாக் தொலைக்காட்சியில் டாமி ஹில்ஃபிகர் சட்டை அணிந்து தோன்றியது அந்த முத்திரையின் விற்பனையைத் தூக்கிவிட்டது. 2010இல் அம்முத்திரையைப் பி.வி.எச். நிறுவனம் வாங்கியது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளரே கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஓராண்டுக்கும் மேலாகப் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் அதில் கட்டுண்டன. பாலின வன்முறைக்கும் சாதிய வன்முறைக்கும் எதிராக ஆலைத் தளத்திலேயே தொழிலாளிகள் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. ஸ்னூப் டாக் அணிந்த முத்திரையின் உரிமையாளரைக் கையொப்பமிட வைத்தவர்கள், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த திண்டுக்கல் பெண்கள்.

என்ன செய்ய வேண்டும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் டிரம்ப் அரசு விதித்த 50 சதவீத வரி திருப்பூரை உலுக்கியது. இழப்பை முதலாளிகள் கூலியிலும் வேலை நாளிலும் கழித்துக்கொள்ள முனைவார்கள் என்பது புதிய செய்தியல்ல. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கி, சங்கம் சேர்வதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் மேலும் கடினமாக்கியது. இந்தச் சூழலில் இளைஞரின் உடை பற்றிய கேள்வி அற்பமானதன்று. அதை அணிபவரும் தைப்பவரும் பெரும்பாலும் ஒரே வயது, ஒரே வர்க்கம். பலரும் ஒரே மாவட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள். தில்லிக்கு வந்தவனின் அண்ணன் திருப்பூரிலும், அக்காள் நொய்டாவின் ஆடை ஆலையிலும் இருக்கக்கூடும்.

ஆகவே இயக்கத்தின் முன் மூன்று கடமைகள் நிற்கின்றன. முதலாவது, உடையை வைத்து உழைக்கும் வீட்டு இளைஞரைக் குற்றவாளியாக்கும் காவல்துறைப் போக்கையும், சாதி ஆதிக்கப் பேச்சையும், பள்ளிகளின் அவமதிப்பையும் வெளிப்படையாக எதிர்க்க வேண்டும். வாலிபர் அமைப்பின் கூட்டத்துக்கு ஹூடியுடன் வரும் இளைஞனைப் பார்த்து முகம் சுளிக்கும் வழக்கம் உள்ள கிளைகள் அதைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது, தெருவின் குரலைச் சந்தைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. கலை இலக்கிய அமைப்புகள் பறைக்கும் கானாவுக்கும் தரும் மேடையை ராப்புக்கும் தர வேண்டும். பெண்ணை இழிவுபடுத்தும் வரியை அந்த மேடையிலேயே விவாதத்துக்கு உட்படுத்தவும் வேண்டும். தடை செய்வதைவிட மாற்றை வளர்ப்பதே பயன் தரும்.

மூன்றாவதே மையமானது. பன்னாட்டு முத்திரைகள் தங்கள் ஒப்பந்த ஆலைகளுக்குச் சட்டப்படி பொறுப்பேற்கவும், பீஸ் ரேட் தொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்பும் வாழ்வதற்குப் போதிய கூலியும் கிடைக்கவும் நடக்கும் போராட்டத்தில் உடை அணியும் இளைஞரையும் இணைக்க வேண்டும். திண்டுக்கல் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைத் தில்லி மாணவன் அறிய வேண்டும். திரிலோக்புரி எல்லையில் அவன் பனியனைப் பிடித்து நிறுத்தும் காவலரின் கையைத் திருப்பூர்த் தொழிலாளி அறிய வேண்டும்.

செட்ஜ்விக் அவென்யூவின் அந்தப் பெண் புதுத்துணிக்காகக் காசு சேர்த்து 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தத் துணியின் பெயரால் உலகில் பலர் கோடீசுவரராகிவிட்டனர். அதைத் தைத்த பெண்ணுக்கு இன்னும் தன் பிள்ளையின் பள்ளித் துணிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. தமிழகத்தின் தொழிற்சங்கமும் தலைநகரின் வாலிபர் சங்கமும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு அது.